அறுந்து விழும் மின்கம்பி: நிலையம் அறிவது எப்படி?

பெங்களூரு நகரின் தென்கிழக்கே, கோரமங்கலாவுக்கும் விவேக்நகருக்கும் அருகே அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி ஈஜிபுரா. நகரம் பெருகியபோது அதனுள் அடங்கிவிட்ட சிற்றூர்களில் இதுவும் ஒன்று. தெருக்களின் அகலம் சிற்றூர்க் காலத்து அளவிலேயே இருக்க, அவற்றின் இருமருங்கிலும் மாடி வீடுகள் எழுந்துள்ளன. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுவோர், பால் வாங்கச் செல்வோர், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய அனைவரும் இத்தகைய பகுதிகளில் மின்கம்பிகளின் கீழேதான் நடந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட தெரு ஒன்றில் 11 கிலோவோல்ட் கம்பி அறுந்து விழுவதாகக் கொள்வோம். அடுத்து என்ன நிகழும்? துணை மின் நிலையத்தில் மின்சாரம் தானாகவே நின்றுவிடும் என்பதே பெரும்பாலோரின் விடை. பல வேளைகளில் இவ்விடை சரியே. ஆனால் எல்லா வேளைகளிலும் சரியன்று. கம்பி தரையில் கிடக்கும். அதில் மின்னழுத்தம் முழுமையாக இருக்கும். நிலையத்திலுள்ள கருவியோ பழுது ஏதும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். இந்நிலையையே மின் பொறியாளர்கள் 'உயர் மின்மறிப்பு நிலப்பழுது' என்று வழங்குகின்றனர். கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே தடை மிகுதியாக இருப்பதால் மிகச் சிறிய மின்னோட்டமே பாயும் பழுது என்பது இதன் பொருள்.

இது ஏட்டளவிலான ஐயமன்று. 2023 நவம்பர் 19 அன்று, பெங்களூருவின் கிழக்கு எல்லையில் உள்ள ஒயிட்ஃபீல்டு, ஹோப் ஃபார்ம் சந்திப்பருகே, நடைபாதையில் அறுந்து கிடந்த 11 கிலோவோல்ட் கம்பியை மிதித்த இளந்தாய் ஒருவரும் அவருடைய கைக்குழந்தையும் உயிரிழந்தனர். பொழுது புலரும் வேளை அது. நாட்டிலேயே முதன்முதலாகத் தெருக்களில் மின்விளக்கு எரிந்த நகரங்களுள் ஒன்று பெங்களூரு. 1905ஆம் ஆண்டு சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து அதற்கு மின்சாரம் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் உள்ள ஒரு நகரிலும் தரையில் கிடக்கும் கம்பி உயிருள்ளதா அற்றதா என்பது தீராத வினாவாக இருப்பது ஏன்? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிலே எதைப் பார்க்கிறது?

துணை மின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு 11 கிலோவோல்ட் வழித்தடத்தையும் 'பீடர்' என்பர். ஒவ்வொரு பீடருக்கும் ஒரு பிரேக்கர் உண்டு. அப்பிரேக்கரைத் திறக்குமாறு ஆணையிடுவது ரிலே. ரிலேக்குக் கண் இல்லை; அது அறிவது மின்னோட்டத்தின் அளவை மட்டுமே. மும்முனைக் கம்பிகளில் செல்லும் மின்னோட்டங்களை அது கூட்டிப் பார்க்கிறது. பழுதற்ற நிலையில் அக்கூட்டுத்தொகை ஏறத்தாழச் சுழியாக இருக்கும். ஒரு கம்பியிலிருந்து நிலத்துக்கு மின்னோட்டம் கசிந்தால், கசிந்த அளவு கூட்டுத்தொகையில் தோன்றும். குறித்த அளவை அது மீறினால் ரிலே செயற்படும்.

அக்குறித்த அளவு எவ்வளவு? ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 400 ஆம்பியர் அளவுள்ள பீடரில் நிலப்பழுது ரிலே பத்து விழுக்காட்டில் அமைக்கப்பட்டிருந்தால், அது 40 ஆம்பியருக்கு மேற்பட்ட கசிவையே பழுதாகக் கொள்ளும். 11 கிலோவோல்ட் அமைப்பில் ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள அழுத்தம் சுமார் 6,350 வோல்ட். இதனை 40 ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 159 ஓம். அதாவது, அறுந்த கம்பியிலிருந்து நிலம் வழியாக நிலையம் திரும்பும் பாதையின் மொத்தத் தடை 160 ஓமைத் தாண்டினால், இந்த ரிலேயைப் பொறுத்தவரை அப்பழுது இல்லாத ஒன்றே.

தரையின் தன்மை

அப்பாதையின் தடையைப் பெரிதும் தீர்மானிப்பது கம்பி விழுந்த தரையே. பன்னாட்டு மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் வல்லுநர்கள் வெளியிட்டு, பின்னர் ஆய்வுரைகளில் பரவலாக எடுத்தாளப்பட்ட மாதிரி அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. இவை 12.5 கிலோவோல்ட் வழித்தடங்களுக்கு உரியவை. நமது 11 கிலோவோல்ட் வழித்தடங்களுக்கு இவை சற்றுக் குறையும்.

உலர்ந்த தார்ச்சாலை: 0 ஆம்பியர்
இரும்புக் கம்பியிடாத கான்கிரீட்: 0 ஆம்பியர்
உலர்ந்த மணல்: 0 ஆம்பியர்
ஈர மணல்: 15 ஆம்பியர்
உலர்ந்த புல்தரை: 25 ஆம்பியர்
ஈரப் புல்தரை: 50 ஆம்பியர்
இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்: 75 ஆம்பியர்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 40 ஆம்பியருக்கு அமைத்த ரிலே, இவ்வேழு தரைகளுள் இரண்டில் மட்டுமே செயற்படும். நகரத் தெருவின் பெரும்பகுதியோ தாரும் கான்கிரீட்டும் பாவப்பட்டது. ஆகவே, மக்கள் மிகுதியாக நடமாடும் இடமே ரிலேயின் பார்வைக்கு மிகவும் எட்டாத இடமாக அமைந்துவிடுகிறது.

மனித உடலை நோக்கினால் இந்த இடைவெளியின் பொருள் இன்னும் தெளிவாகும். நெஞ்சின் வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலைந்து மரணம் நேரக்கூடும். இல்லங்களில் பொருத்தப்படும் கசிவுத் தடுப்புக் கருவி 0.03 ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிப்பதன் காரணம் இதுவே. அறுந்த 11 கிலோவோல்ட் கம்பியைத் தொட்ட ஒருவரின் உடலும் காலடித் தரையும் சேர்ந்து 3,000 ஓம் தடை தருவதாகக் கொண்டால், பாயும் மின்னோட்டம் சுமார் 2 ஆம்பியர். ஒருவரைக் கொல்ல இது போதுமானதைவிடப் பன்மடங்கு அதிகம். 40 ஆம்பியர் ரிலேயை எழுப்பவோ இதைப்போல் இருபது மடங்கு வேண்டும். பீடரின் ரிலே மின்மாற்றிகளையும் கம்பிகளையும் கேபிள்களையும் பெரும் மின்னோட்டத்திலிருந்து காப்பதற்கென உருவானது. வழிப்போக்கரின் உயிரைக் காக்கும் பொறுப்பையும் அதுவே ஏற்றுள்ளது என்று நாம் கருதுவதே பிழையின் தொடக்கம்.

அளவைக் குறைத்தால் என்ன?

அப்படியானால் 40 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நமது நாட்டின் 11 கிலோவோல்ட் பீடர்கள் பெரும்பாலும் மூன்று கம்பிகளால் ஆனவை. நான்காவது நடுநிலைக் கம்பி அவற்றில் இல்லை. எனவே நுகர்வோரின் சமனற்ற சுமை, ரிலே காணும் கூட்டுத்தொகையில் நேராகச் சேர்வதில்லை. பல இடங்களில் நிலம் தொட்ட நான்கு கம்பிகளைக் கொண்ட அமெரிக்க முறையைவிட இவ்வகையில் நமக்கு வாய்ப்பு அதிகம். நுண்ணுணர்வு நிலப்பழுது ரிலேக்களை நாம் இன்னும் தாழ்ந்த அளவில் அமைக்க முடியும்.

எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மின்னோட்டத்தை அளக்கும் மாற்றிகள் மூன்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றின் வேறுபாடே பொய்யான கசிவாகத் தோன்றும். கேபிள்கள் மிகுந்த நகரில், பக்கத்துப் பீடரில் பழுது ஏற்படும்போது நல்ல பீடரிலும் சிறு மின்னோட்டம் நிலத்துக்குப் பாயும். மரக்கிளை உரசினாலும், ஈரம் படிந்த இன்சுலேட்டர் கசிந்தாலும் ரிலே செயற்படும். காரணமின்றிப் பீடர் அடிக்கடி நின்றால் மருத்துவமனை, மின்தூக்கி, நீரேற்று நிலையம், சிறு தொழிற்கூடம் அனைத்தும் பாதிக்கப்படும். சில வாரங்களில் அந்த அளவு மீண்டும் உயர்த்தப்பட்டுவிடும். தவிர, உலர்ந்த தார்ச்சாலையில் கசிவே சுழி எனும்போது, எத்துணை நுண்ணிய ரிலேயும் பயன் தராது.

மின்பொறியின் அடையாளம்

அளவால் அறிய இயலாததை வடிவால் அறியலாம் என்பது அடுத்த வழி. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியிலிருந்து பி. டான் ரஸல் குழுவினர் இத்துறையில் ஆய்வு நடத்தினர். அதன் பயனாக 1990களில் வணிகக் கருவிகள் வெளிவந்தன.

கம்பி தரையை முழுமையாகத் தொடுவதில்லை. தொடும் இடத்தில் மின்பொறி பறக்கிறது. மின்னோட்டம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அணைந்து மீண்டும் பற்றுகிறது. மண் காய்கிறது, மணல் உருகிக் கண்ணாடியாகிறது, பொறி இடம் மாறுகிறது. ஆகவே மின்னோட்டத்தின் அலை சீராக இராமல் சிதைந்து, நொடிக்கு நொடி ஒழுங்கின்றி மாறும். 50 சுற்று அலையுடன் 150 சுற்று போன்ற கிளை அலைகளும் அதில் கலந்து தோன்றும். கணிப்பொறி பொதிந்த ரிலே இவற்றைத் தொடர்ந்து நோக்கி, இது சுமையன்று, தரையில் கிடக்கும் கம்பி என்று முடிவு செய்ய முயல்கிறது.

இங்கும் ஐயங்கள் உண்டு. வெல்டிங் எந்திரமும் மின்வில் உலையும் இதே போன்ற அலைகளை எழுப்பும். பொறியே எழாத தரையில் நோக்குவதற்கு எதுவுமில்லை. ஆகவே அவசரமாகத் துண்டிக்காமல், முதலில் எச்சரிக்கை மணி மட்டும் ஒலிக்குமாறு இக்கருவிகளை அமைக்கும் நிறுவனங்களும் உண்டு.

மறுநுனி தரும் செய்தி

கம்பி அறுந்ததை நிலையத்திலிருந்து மட்டுமே அறிய வேண்டும் என்பதில்லை. அறுந்த இடத்துக்கு அப்பாலும் செய்தி கிடைக்கும். இது அனைத்து அலுவலர்களும் அறிந்திருக்க வேண்டிய உண்மை.

மும்முனையில் ஒரு கம்பி அறுந்ததும், அதற்கு அப்பாலுள்ள விநியோக மின்மாற்றிக்கு இரு முனைகளே எஞ்சுகின்றன. வழக்கமான மின்மாற்றியின் உயர் அழுத்தப் பக்கம் முக்கோண இணைப்பில் உள்ளது. அதனால் தாழ்வழுத்தப் பக்கத்தில் ஒரு முனை வழக்கமான அழுத்தத்தில் இருக்க, மற்ற இரண்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. தெருவில் சில வீடுகளில் விளக்கு நன்றாக எரியும். பல வீடுகளில் மங்கும். 'எங்கள் தெருவில் வோல்டேஜ் மிகவும் குறைந்துவிட்டது' என்று ஒரே வேளையில் பல தொலைபேசி அழைப்புகள் வந்தால், அது வெறும் புகாரன்று. எங்கோ ஒரு கம்பி அறுந்து கிடக்கலாம் என்ற எச்சரிக்கை. மின்மாற்றிகளில் பொருத்தப்படும் திறன்மிகு மீட்டர்கள் இச்செய்தியை மனிதரின் உதவியின்றியே அனுப்ப வல்லவை. 2021இல் ஒப்புதல் பெற்ற சீரமைக்கப்பட்ட விநியோகத் துறைத் திட்டம் நுகர்வோருக்கு மட்டுமன்றி, மின்மாற்றிகளுக்கும் பீடர்களுக்கும் மீட்டர் அமைக்க வகை செய்கிறது. கட்டண வசூலுக்கும் இழப்புக் கணக்குக்கும் என வாங்கப்படும் அதே மீட்டரை உயிர்காப்புக்கும் பயன்படுத்தலாம்.

இதே உண்மைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நிலையத்தோடு தொடர்பற்ற நுனி தரையில் விழுந்தால் அது உயிரற்றது என்று எண்ணக்கூடாது. எஞ்சிய இரு முனைகளின் அழுத்தம் மின்மாற்றியின் சுருள்கள் வழியே அந்நுனிக்குத் திரும்பி வரும். அவ்வழுத்தம் 3,000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். அதிலிருந்து பாயும் மின்னோட்டம் மேலும் சிறியதாகையால், ரிலே அதனைக் காண்பது அரிதினும் அரிது.

பழைய வழியும் புதிய வழியும்

மின்னோட்டம் சிறியதாக இருப்பதே சிக்கல் என்றால், அதனை வேண்டுமென்றே பெரியதாக்குவது ஒரு தீர்வு. சாலையைக் கடக்கும் இடங்களில் கம்பிகளுக்குக் கீழே கட்டப்படும் 'கார்டிங்' எனும் காப்புக் கம்பி வலையின் நோக்கம் இதுவே. அறுந்த கம்பி முதலில் நிலத்தோடு இணைந்த இவ்வலையின்மீது விழும். தடை குறைவாதலால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ரிலே உடனே செயற்படும். கருவியின் கூர்மையைக் கூட்டாமலேயே பழுதைக் காணத்தக்கதாக மாற்றும் எளிய முறை இது. ஆனால் வலை அறுந்து தொங்கினாலும், எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் இதனால் பயனில்லை. பராமரிப்பே இதன் உயிர்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று அங்கு எழுந்த காட்டுத்தீகளில் 173 பேர் மாண்டனர். அவற்றுள் மிகக் கொடிய கில்மோர் கிழக்குத் தீ, அறுந்த மின்கம்பியால் தொடங்கியது. விசாரணைக்குப் பின், 2016இல் இயற்றப்பட்ட விதிகள் 45 துணை மின் நிலையங்களில் நிலப்பழுது மின்னோட்டத்தை விரைந்து அடக்கும் கருவிகளைக் கட்டாயமாக்கின. 22 கிலோவோல்ட் கம்பியில் அரை ஆம்பியர் அளவுள்ள கசிவையும் உணர்ந்து, பழுதுற்ற முனையின் அழுத்தத்தை இரண்டு வினாடிகளுக்குள் 250 வோல்ட்டாகக் குறைக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். நமது எடுத்துக்காட்டின் 40 ஆம்பியருடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். ஆனால் இதற்கு நிலையத்தின் நில இணைப்பு முறையையே மாற்ற வேண்டும். பழுதின்போது நல்ல முனைகளில் அழுத்தம் உயர்வதால் இன்சுலேட்டர்களும் கேபிள்களும் அதனைத் தாங்க வேண்டும். செலவு பெரிது.

அமெரிக்காவின் சான் டியாகோ மின் நிறுவனம் கம்பி தரையைத் தொடுவதற்கு முன்பே துண்டிக்கும் முறையை மேற்கொண்டுள்ளது. நம் நாட்டு விதிப்படி, சாலையைக் கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த ஒரு வினாடிக்குள், வழித்தடத்தின் பல இடங்களில் அளந்த அழுத்தங்களை ஒப்பிட்டுக் கம்பி அறுந்ததை உணர்ந்து பிரேக்கரைத் திறப்பதே இம்முறை.

பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் கம்பிகளைக் கேபிளாக நிலத்தடியில் பதிப்பதும், காப்புறையிட்ட கட்டுக் கம்பிகளாக மாற்றுவதும் நடைபெறுகின்றன. இவை விபத்தைப் பெரிதும் குறைக்கும். எனினும் ஒரு தெருவில் இப்பணி நிறைவுறும்வரை அங்குள்ள திறந்த கம்பி திறந்த கம்பியே.

சட்டம் கேட்பது என்ன?

பொறியியல் தயங்கும் இடத்தில் சட்டம் தயங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 91ஆம் விதி, தெருவிலும் பொது இடத்திலும் செல்லும் திறந்த கம்பி அறுந்தால் அதனைத் தீங்கற்றதாக ஆக்கும் கருவி அமைக்கப்பட வேண்டும் என்றது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளும் அதே கடமையை வற்புறுத்தின. மத்தியப் பிரதேச மின்சார வாரியம் தொடர்பான வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பிமீது இரவில் சைக்கிளில் சென்ற ஒருவர் இறந்தார். வெளியார் ஒருவர் திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததே காரணம் என்று வாரியம் வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கம்பி பொதுச்சாலையில் விழுந்தபோது மின்னோட்டம் தானாகவே நின்றிருக்க வேண்டும் என்றும், அபாயமுள்ள பொருளை வழங்கும் நிறுவனம் தன் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்றும் அது கூறியது.

செலவு யாருடையது?

பொருளியல் நோக்கில் இச்சிக்கலின் மையம் இதுவே. ரிலே இருவகையில் பிழை செய்யலாம்: பழுதில்லாதபோது துண்டிப்பது ஒன்று, பழுதுள்ளபோது துண்டிக்காமை மற்றொன்று. முதற் பிழையின் செலவு ஆயிரக்கணக்கான நுகர்வோரிடையே சிறு சிறு பங்காகப் பரவுகிறது. அது உடனே தெரியும், புகாராக வரும். 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் வழங்கல் தடைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறியீடுகளாகக் கணக்கிடச் செய்கின்றன. இது நல்ல ஏற்பாடே. இரண்டாம் பிழையின் செலவோ அவ்வழியே நடந்த ஒருவர்மீது முழுமையாக விழுகிறது. அது எந்தக் குறியீட்டிலும் இடம்பெறுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் கூடத்தின் கணக்குப்படி, மின்சாரம் தாக்கி 2021இல் மட்டும் நாட்டில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். வீட்டுக் கம்பி முதல் வயல் மோட்டார் வரை எல்லாக் காரணங்களும் இதில் அடக்கம். அறுந்து விழுந்த கம்பியால் இறந்தோர் எத்தனை பேர், அவ்வேளைகளில் பிரேக்கர் செயற்பட்டதா என்பதை இத்தொகை சொல்வதில்லை.

அளக்கப்படும் பிழையைக் குறைக்கவே அலுவலர் முயல்வார். அளக்கப்படாத பிழை வளரும். ஆகவே புதிய கருவி வாங்கும் முன்பே, செலவின்றிச் செய்யத்தக்க ஒன்று உண்டு. கம்பி அறுந்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும், அதில் எவரும் காயமுறாவிட்டாலும், மூன்று விவரங்களைப் பதிவு செய்யலாம்: எத்தரையில் விழுந்தது, ரிலே செயற்பட்டதா, கம்பி விழுந்ததிலிருந்து மின்சாரம் நிற்கும்வரை எத்தனை நிமிடம் ஆயிற்று. ஓராண்டுப் பதிவு, எந்தப் பீடருக்கு நுண்ணுணர்வு ரிலே வேண்டும், எங்கே காப்பு வலை வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் கேபிள் செல்ல வேண்டும் என்பதைக் காட்டிவிடும். நிலப்பழுதால் நின்ற பீடரைக் காரணம் அறியாமல் மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்க்கும் வழக்கத்தையும் தவிர்க்கலாம். உயிர்காப்புக்காகச் செய்த துண்டிப்பைத் தனியே கணக்கிட்டால், பீடரை நிறுத்தத் தயங்கும் அலுவலருக்கும் அது துணிவு தரும்.

பொதுமக்கள் அறியவேண்டியதும் ஒன்றே: தரையில் கிடக்கும் கம்பி அசையாமல், பொறி இன்றி, ஓசை இன்றி இருப்பது அது உயிரற்றது என்பதற்குச் சான்றாகாது. குறைந்தது பத்து மீட்டர் விலகி நின்று பிறரையும் தடுத்து, 1912 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அருகே சிக்கியவர் பெரிய அடி எடுத்து வைக்காமல், பாதங்களைச் சேர்த்துத் தரையில் உரசியவாறே விலக வேண்டும்.

எல்லாத் தரையிலும் எல்லாப் பழுதையும் கண்டறியும் ஒற்றைக் கருவி உலகில் எங்கும் இல்லை. நுண்ணுணர்வு ரிலே, காப்பு வலை, மின்மாற்றி மீட்டர், நிலத்தடிக் கேபிள், விழிப்புள்ள மக்கள் எனப் பல அடுக்குகள் சேர்ந்தே ஒரு தெருவைக் காக்க முடியும். ஈஜிபுராவின் குறுகிய தெருவில் விடியலில் நடக்கும் ஒருவருக்கு நிலையத்தின் ரிலே அமைப்பு தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. தெரிந்து செயற்பட வேண்டியவர்கள் அதனை அமைப்போரும் அவர்களை மேற்பார்வையிடுவோருமே.